கடைசி வரிசையிலிருந்து கணக்குப் போடுங்கள்: பவர்டு ஸ்பீக்கர் வாங்கும் முன்

பவர்டு ஸ்பீக்கர், அதாவது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பெட்டி, வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது வூஃபரின், அதாவது பேஸ் தரும் பெரிய கோனின், அளவு: "12 இன்ச்சா, 15 இன்ச்சா?" இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலை வைத்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பெட்டி எப்படிக் கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவை வேறு. கடைசி வரிசை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? அங்கே எத்தனை டெசிபல் போய்ச் சேரும்? அதே அளவில் நாலு மணி நேரம் கரகரப்பு இல்லாமல் ஓடுமா? மண்டபத்துக் கரண்டைத் தாங்குமா?

வாட்ஸ் ஏன் உதவாது என்பதற்கு இரண்டு பிரபலமான மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எலெக்ட்ரோ-வாய்ஸ் இசட்எல்எக்ஸ்-12பி, யமஹா டிபிஆர்12. இரண்டுமே 12 இன்ச், இரண்டுமே 1000 வாட்ஸ், எடையும் ஏறக்குறைய 16 கிலோதான். ஆனால் அதிகபட்ச ஒலி அழுத்தம் முதலாவதுக்கு 126 டெசிபல், இரண்டாவதுக்கு 131 என்று ஸ்பெக் ஷீட்டில் இருக்கும். 5 டெசிபல் என்பது காகிதத்தில் சின்ன எண். ஆம்ப்ளிஃபையர் பலத்தால் மட்டும் அதை ஈடுகட்ட நினைத்தால் மூன்று மடங்குக்கு மேல் வாட்ஸ் தேவைப்படும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு: எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி அளப்பதில்லை. சிலர் ஸ்பீக்கரை ஓட்டி, 1 மீட்டரில் மைக் வைத்து உச்சத்தை அளக்கிறார்கள். சிலர் வூஃபரின் சென்சிடிவிட்டியையும் (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் டெசிபல்) பீக் வாட்ஸையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே 1, 2 டெசிபல் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 4, 5 என்றால் கவனியுங்கள். டெசிபல் எண்ணே போடாமல் வாட்ஸை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இனி கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் 26 டெசிபல் போய்விடும். 131 டெசிபல் பெட்டி 20 மீட்டரில் 105 தரும், ஆனால் அது உச்சம், கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும். பாட்டின் சராசரி அதிலிருந்து ஏறத்தாழ 12 டெசிபல் கீழே இருக்கும், ஆக 93. இடம் வலம் இரண்டு பெட்டியும் சேர்ந்தால் 3 டெசிபல் கூடி 96. மண்டபத்துக்குள் சுவர் எதிரொலியால் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனால் அந்த ஏற்றம் தெளிவைக் கூட்டாது, குழப்பத்தைத்தான் கூட்டும். அதனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. 300 பேர் பேசிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் சத்தம் 75 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். பேச்சு புரிய அதைவிடக் குறைந்தது 10 டெசிபல் மேலே போக வேண்டும். ஆட்டம் போட 15, 20 மேலே. 96 என்பது போதும்.

இதே கணக்கைச் சின்ன பேட்டரி ஸ்பீக்கருக்குப் போட்டுப் பாருங்கள். போஸ் எஸ்1 ப்ரோவின் தொடர் அளவு 103 டெசிபல், உச்சம் 109. 6 மீட்டரில் 87 வரும்: மொட்டை மாடிப் பிறந்தநாள், 40, 50 பேர் கூடும் நிச்சயதார்த்தம், ஒருவர் கிட்டார் வாசித்துப் பாடும் கஃபே, இதற்கெல்லாம் அருமை. 20 மீட்டரில் அதுவே 77. கூட்டத்தின் பேச்சோடு பேச்சாகக் கரைந்துவிடும். 7 கிலோ எடை, 11 மணி நேர பேட்டரி என்ற வசதிக்காக அதை மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஃபுல்லில் வைத்துக் கதற விடுவதுதான் நடக்கும். எலெக்ட்ரோ-வாய்ஸ் எவர்ஸ் 8 மாதிரி 121 டெசிபல் உச்சம் சொல்லும் பேட்டரி பெட்டிகள் வந்திருக்கின்றன, பூங்கா, கடற்கரை, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் என்று கரண்ட் எட்டாத இடங்களுக்கு இவை உண்மையிலேயே நல்ல தீர்வு. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நேரம் மிதமான சத்தத்துக்கான நேரம். ஃபுல்லில் ஓட்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். பேட்டரியை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பேட்டரி சோர்ந்த அன்றைக்கு அது சர்வீஸ் சென்டர் வேலையாகிவிடும்.

டிஜேவுக்கும் லைவ் கச்சேரிக்கும் ஒரே பெட்டி போதுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போதும், ஆனால் இரண்டும் பெட்டியை வெவ்வேறு விதமாகப் பிழிந்தெடுக்கின்றன. ரெக்கார்டு செய்த குத்துப் பாட்டு ஏற்கெனவே கம்ப்ரஸ் ஆகி வந்தது. சராசரிக்கும் உச்சத்துக்கும் நடுவே 6 முதல் 8 டெசிபல்தான் இடைவெளி. மேலே போட்ட கணக்கில் 12 கழித்தோமே, டிஜே ஓட்டும்போது அந்த இடைவெளி குறைந்து சராசரி மேலே ஏறுகிறது. கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் ஓய்வில்லாமல் சூடாகிறது. சூடானால் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதே சிக்னலுக்குக் குறைந்த சத்தம் வரும். முதல் அரை மணியில் அதிர்ந்த பேஸ் இரண்டாவது மணியில் சப்பென்று ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உடனே மாஸ்டரை ஏற்றுவார்கள், சூடு இன்னும் ஏறும். லைவில் நிலைமை தலைகீழ். தவில், ட்ரம்ஸ், ரிதம் பேட் இவற்றின் அடி சராசரியைவிட 15, 20 டெசிபல் துள்ளும். காயில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் உச்சத்துக்கு இடம் இல்லாவிட்டால் அளவு மீறும் சிக்னலை அடக்கும் லிமிட்டர் ஒவ்வோர் அடிக்கும் பாடகரின் குரலையும் சேர்த்து அமுக்கும். டிஜேவாக இருந்தால் சூட்டைத் தாங்கும் பெட்டி, மெல்லிசைக் குழுவாக இருந்தால் உச்சத்துக்கு இடம் விடும் பெட்டி என்று தேடுங்கள்.

நாகஸ்வரமும் தவிலும் மட்டும் உள்ள சின்ன மண்டபத்தில் அவற்றுக்கு மைக்கே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. 200 பேர் உட்காரும் இடத்தை அவை தாமாகவே நிரப்பும்.

இன்ச் விஷயத்துக்கு வருவோம். 15 இன்ச் என்றால் பேஸ் அள்ளும் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. யமஹாவின் டிபிஆர் வரிசையில் 10, 12, 15 மூன்றும் இருக்கின்றன. சத்தம் 10 டெசிபல் விழும் புள்ளியை வைத்து அவை எட்டும் அடிமட்டம் முறையே 55, 52, 50 ஹெர்ட்ஸ். 12-லிருந்து 15-க்குத் தாவினால் 2 ஹெர்ட்ஸ்தான் லாபம். நஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. ஒலியின் அலைநீளம் வூஃபரின் குறுக்களவை நெருங்கும்போது சத்தம் எல்லாப் பக்கமும் பரவாமல் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் பாயத் தொடங்கும். 15 இன்ச்சுக்கு அது 900 ஹெர்ட்ஸ் பக்கம், 12 இன்ச்சுக்கு 1100-க்கு மேல். விலை குறைந்த பெட்டிகளில் ட்ரெபிள் தரும் ஹாரனுக்கு 2000 ஹெர்ட்ஸுக்குப் பிறகுதான் வேலையைக் கொடுப்பார்கள், ஏனென்றால் அதற்குள் இருக்கும் 1 இன்ச் டிரைவரால் அதற்குக் கீழே தாங்க முடியாது. நடுவில் இருக்கும் பகுதியில்தான் மனிதக் குரலின் உயிரே இருக்கிறது. நேரே உட்கார்ந்தவருக்குக் குரல் கேட்கும். பக்கவாட்டு வரிசைக்கு டம்மென்ற பேஸும் இஸ்ஸென்ற ட்ரெபிளும் மட்டும் கேட்கும். நல்ல 15 இன்ச் பெட்டி இல்லாமல் இல்லை. ஆர்சிஎஃப் ஆர்ட் 745-ஏ-வில் 4 இன்ச் வாய்ஸ் காயில் உள்ள டிரைவரைப் போட்டு 650 ஹெர்ட்ஸிலேயே ஹாரனிடம் ஒப்படைக்கிறார்கள். அதனால் அதில் குரல் பக்கவாட்டிலும் முழுசாக வருகிறது. அதற்கான விலையும் இருக்கிறது. அந்த விலை கொடுக்க முடியாதவர்கள் 12 இன்ச் டாப் (ஸ்டாண்டில் ஏற்றும் மெயின் பெட்டி) வாங்குங்கள். பேஸுக்கு சப் என்று தனிப் பெட்டி இருக்கிறது.

தூண் மாதிரி நிற்கும் ஒல்லி ஸ்பீக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை: போஸ் எல்1 ப்ரோ வரிசை அகலவாக்கில் 180 டிகிரி வரை பரப்பும், மேலே கீழே அதிகம் சிந்தாது, ஆகவே எதிரொலி கூடிய ஹாலில் வீணை, புல்லாங்குழல், பேச்சு எல்லாம் தெளிவாக வரும். குத்தாட்டக் கூட்டத்துக்கு அது இல்லை.

சப் வாங்கினால் அதை வைக்கும் இடம் அதன் விலையைவிட முக்கியம். சுவரிலிருந்து 1.4 மீட்டர் முன்னால் சப்பை வைத்தீர்கள் என்றால், பின்னால் போய் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலிக்கு எதிராக வந்து அதைத் தின்றுவிடும். குத்துப் பாட்டின் கிக் ட்ரம் அடி இருப்பதே அங்கேதான். சுவரோடு ஒட்டி வைத்தால் இந்தப் பள்ளம் சப்பின் எல்லைக்கு மேலே போய்விடும், கூடவே பேஸும் ஏறும். இரண்டு சப் இருந்தால் மேடைக்கு இடமும் வலமும் பிரித்து வைப்பது பார்க்க அழகு, கேட்க அல்ல. நடுவில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாக வந்து இடிக்கும், ஓரிரு மீட்டர் நகர்ந்தால் ஒன்றையொன்று அழித்து பேஸ் காணாமல் போகும். இரண்டையும் ஒட்டி ஒரே இடத்தில் வைத்தால் ஒன்றைவிட 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், ஹால் முழுக்க ஒரே சீராகவும் இருக்கும். உள்ளே காலியான பலகை மேடை மேல் சப்பை ஏற்றாதீர்கள். மேடையே உறுமி, அந்த உறுமல் பாடகரின் மைக்கில் ஏறும். தரையில் வையுங்கள். சப்புக்கும் டாப்புக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 90 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்து, டாப்பின் பின்னால் உள்ள மெனுவிலும் அதே அளவில் கீழ்ப்பகுதியை வெட்டுங்கள். பலர் சப்பை மட்டும் செட் செய்துவிட்டு டாப்பை அப்படியே முழு ரேஞ்சில் விட்டுவிடுகிறார்கள். பிறகு கிக் வரும் பாட்டை ஓட்டி, ஆடும் இடத்தில் ஒருவர் நின்றுகொண்டு, சப்பின் போலாரிட்டி சுவிட்சை (சிக்னலைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எதில் பேஸ் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

இணைப்பில் வரும் கோளாறு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இதில் மாட்டிக்கொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்கிறார். போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ பாட்டு ஓட்டும்போது மியூசிக் எல்லாம் வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ஒயரைப் பார்த்தால் ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள 6.35 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும். ஸ்பீக்கரின் இன்புட் பேலன்ஸ்டு. அது ஜாக்கின் நுனியில் வரும் சிக்னலிலிருந்து கோடுகளுக்கு நடுவே உள்ள வளையத்தில் வரும் சிக்னலைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். போனோ, நுனியில் இடப்பக்கத்தையும் வளையத்தில் வலப்பக்கத்தையும் அனுப்புகிறது. இடதிலிருந்து வலதைக் கழித்தால் இரண்டிலும் சமமாக இருக்கும் பாடகர் குரலும் கிக்கும் பேஸும் பூஜ்யம். இதற்கு மருந்து, ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (சாதாரண சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி), அல்லது ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு தனி மோனோ ஜாக்காகப் பிரியும் ஒயரை வாங்கி மிக்ஸரின் இரண்டு சேனலில் போடுவது. ஈக்வலைசரில் எவ்வளவு திருகினாலும் போன குரல் திரும்பாது.

டிஜே கன்ட்ரோலரில் மாஸ்டர் அவுட் எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் உள்ள பேலன்ஸ்டு இணைப்பு) இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஆர்சிஏ மட்டும் இருந்தால் அந்த ஒயரை 3 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், பக்கத்திலேயே ஒரு மிக்ஸரோ டிஐ பாக்ஸோ வைத்து அங்கிருந்து பேலன்ஸ்டு ஒயரில் அனுப்புங்கள். ஸ்பீக்கரின் பின்னால் மைக், லைன் என்று சுவிட்ச் இருக்கும். மிக்ஸரிலிருந்து வந்தால் லைன். மைக்கில் இருந்தால் சத்தம் பிய்த்துக்கொண்டு வரும், கூடவே உடைந்தும் வரும். கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிய விடாதீர்கள். ஸ்பீக்கருக்குள் லிமிட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: கன்ட்ரோலரிலேயே தலை வெட்டுப்பட்டு வரும் சிக்னல் லிமிட்டரின் பார்வைக்கு அளவுக்குள்தான் இருக்கும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் கூடுதலாகிறது. அது முழுக்க ஹாரன் டிரைவருக்குப் போகும். டயஃப்ரம் கருகுவது அப்படித்தான். ப்ளூடூத் இடைவேளைப் பாட்டுக்கு மட்டும். தாமதமும் துண்டிப்பும் நேரடி வாசிப்புக்கு ஒத்து வராது.

இப்போது கரண்ட். பவர்டு ஸ்பீக்கர் செத்த கதைகளில் பாதிக்குமேல் இங்கேதான் முடியும். மண்டபத்திலோ ஜெனரேட்டரிலோ நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும், மோசமான நேரத்தில் 400-ஐ நெருங்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் பவர் சப்ளை ஒரு நொடி தாங்காது. ஆகவே பிளக்கைச் சொருகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 210 முதல் 245 வரை இருக்கலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; 10, 20 என்று காட்டினால் அந்த போர்டைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றியதும் மறுபடி அளக்க வேண்டும். கூடுதல், குறைவு வோல்ட்டேஜில் தானாகத் துண்டிக்கும் ஒரு புரொடெக்டரை உங்கள் ஸ்பைக் போர்டுக்கு முன்னால் போட்டுவிட்டால் ஆம்ப் மாட்யூல் மாற்றும் செலவு மிச்சம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் பவர் சப்ளை உள்ள மாடல் என்றால் குறைந்த வோல்ட்டேஜ் பிரச்சினையே இல்லை. பின்பக்க லேபிளில் எழுதியிருக்கும்.

ஒயர் தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷனில் கரண்ட் போக 30, வர 30, ஆக 60 மீட்டர் செம்பு. 10 ஆம்பியர் இழுத்தால் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 15 வோல்ட் வரை விழும், 1.5-இல் 7 வோல்ட், 2.5-இல் 5-க்கும் கீழே. இரண்டு டாப், ஒரு சப், மிக்ஸர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து உண்மையில் இழுப்பது 5 ஆம்பியருக்குள்தான். சிக்கல் புகை மெஷினில். 1500 வாட்ஸ் மெஷின் சூடேறும்போதெல்லாம் 6.5 ஆம்பியர் இழுக்கும், அதே ஒயரில் இருந்தால் பேஸ் அடிக்கும் நேரம் பார்த்து வோல்ட்டேஜ் சரியும். லைட்டும் புகையும் வேறு சர்க்யூட்டில், சவுண்டு சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரே போர்டில். அப்படி ஒரே போர்டில் போட்டாலே ஹம்மிங் சத்தம் பெரும்பாலும் வராது. வந்தால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் ஒயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மிங்கை நிறுத்துகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஈரமான மேடையில் மைக்கை உதட்டில் வைத்துப் பாடும் ஒருவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

லைவ் குழுவுக்குத் தங்கள் குரல் தங்களுக்கே கேட்க, மேடை மானிட்டராக 10 இன்ச் பவர்டு பெட்டியைச் சாய்த்து வைப்பது நல்ல வழி. பின்பக்கச் சத்தத்தை வாங்காத கார்டியாய்டு மைக் என்றால் மானிட்டர் மைக்கின் நேர் பின்னால். ஷூர் பீட்டா 58ஏ மாதிரி சூப்பர் கார்டியாய்டு என்றால் சற்றுப் பக்கவாட்டில், ஏனென்றால் அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. எல்லாக் குரல் மைக்கிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மெயின் டாப் இரண்டும் மைக் வரிசைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் ஹாரன் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில். 17, 18 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஸ்டாண்டின் கால்மேல் மணல் மூட்டை வேண்டும், குறிப்பாகக் குழந்தைகள் ஓடும் இடத்தில். பின்பக்க ஹீட் சிங்கில் மே மாத வெயில் நேராகப் படாமல் திருப்புங்கள். அதற்காகத் துணி போட்டு மூடினால் நிலைமை மோசமாகும்.

மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் வாசித்தாலும் சுவர் தாண்டி அக்கம்பக்கத்துக்குப் போவது சப்தான், அதனால் இரவு வேலை அதிகம் எடுப்பவர்கள் சப்பில் பணத்தைக் கொட்ட அவசரப்பட வேண்டாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தரமான இரண்டு 12 இன்ச் டாப், கனமான ஸ்டாண்ட், வோல்ட்டேஜ் புரொடெக்டர். 18 இன்ச் சப் அதற்குப் பிறகு. மானிட்டர் கடைசியில். பழைய பெட்டி வாங்குவதில் தவறில்லை, சோதித்து வாங்கினால். எதுவும் சொருகாமல் வால்யூமை ஏற்றி இரைச்சலைக் கேளுங்கள். 40-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை டோனை மெல்ல ஏற்றினால் கிழிந்த கோனும் தளர்ந்த க்ரில்லும் தாமாகச் சொல்லும். வெறும் பேச்சை ஓட்டிவிட்டு நேரே நின்று, பிறகு 45 டிகிரி பக்கவாட்டில் நடந்து கேளுங்கள். இரண்டு பெட்டியையும் ஒரே அளவில் மாற்றி மாற்றி ஓட்டினால், ஒன்றில் டயஃப்ரம் மாற்றியிருந்தால் ட்ரெபிளில் தெரிந்துவிடும். சீரியல் நம்பரை விநியோகஸ்தரிடம் சொல்லிக் கேளுங்கள், பிரபல பிராண்டுகளின் போலிகள் சந்தையில் தாராளம். ஸ்பெக் ஷீட்டில் உள்ள எடைக்கு இரண்டு கிலோ குறைந்தால் சந்தேகப்படுங்கள். கடைசியாக ஒரு மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடவிட்டு, பவர் ஒயரை சாக்கெட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆட்டினாலே அணைந்தால் அந்த சாக்கெட்டை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.